பேசாத பெண்களைப் பேச வைக்கும் கதைகள்

காதல் கதை வாசிக்கின்ற பெண்ணை எமது சமூகம் இன்னும் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறது. வேலை இல்லாதவள் என்று ஒருவர் சொல்வார். மனம் கெட்டுவிடும் என்று இன்னொருவர் சொல்வார். வாசிப்பவள் கணவனை இழந்தவளாக இருந்துவிட்டால் பேச்சு இன்னும் கடுமையாகும். “இனி உனக்கென்ன காதல் கதை” என்று வாயால் கேட்காதவர்கள் பார்வையால் கேட்பார்கள். இதனால் பல பெண்கள் புத்தகத்தைத் தலையணைக்குக் கீழே ஒளித்து வைத்து வாசிக்கிறார்கள்.

ஆயினும் உலகெங்கும் பெண்கள் காதல் கதைகளை வாசித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். அவற்றுள் ஒரு வகை எமது தனிக் கவனத்துக்குரியது. விவிலிய காலத்தைக் களமாகக் கொண்டு எழுதப்படும் வரலாற்றுக் காதல் நாவல்களே அவை. இவற்றில் அதிகம் பேசப்பட்டவை அமெரிக்காவில், ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. எனினும் அவற்றின் நாயகிகள் எமக்கு அந்நியர் அல்லர். ரூத், ராகாப், எஸ்தர் போன்ற பெயர்கள் கிறிஸ்தவ சகோதரிகளுக்கு ஞாயிறு பாடசாலைக் காலத்திலிருந்தே பழக்கமானவை. ஏனைய சகோதரிகளும் இப்பெயர்களை அயல்வீட்டுப் பிள்ளைகளின் பெயர்களாகக் கேட்டிருப்பார்கள்.

இந்த நாவல்களை விரும்பி வாசிப்பவர்கள் எல்லோரும் பக்திக்காக மட்டும் வாசிப்பதில்லை. இக்கதைகளில் வருகின்ற பெண்களில் பலர் போரையும் பஞ்சத்தையும் இடப்பெயர்வையும் கண்டவர்கள். அவர்களைப் பற்றி வேதநூல் சில வரிகளே சொல்கிறது. அந்த வரிகள் முடிந்த பிறகு அவள் என்ன ஆனாள், யாரோடு வாழ்ந்தாள், மறுபடியும் சிரித்தாளா என்பவை எழுதப்படவில்லை. அந்த இடத்திலிருந்துதான் நாவல் தொடங்குகிறது. இதுவே இவ்வகை எழுத்தின் கவர்ச்சிக்கு முதற் காரணம் எனலாம்.

வீரனின் கதையாகத் தொடங்கியது

இந்த வகை எழுத்து பெண்களின் கதையாகத் தொடங்கவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தளபதியாக இருந்த லூ வாலஸ் 1880இல் ‘பென்ஹர்’ நாவலை வெளியிட்டார். போலந்து எழுத்தாளர் ஹென்றிக் சியன்கியேவிச்சின் ‘குவோ வாடிஸ்’ 1896இல் நூலாக வந்தது. லொயிட் டக்ளஸ் எழுதிய ‘த ரோப்’ 1942இல் வெளிவந்தது. மூன்றும் இலட்சக்கணக்கானோரால் வாசிக்கப்பட்டுத் திரைப்படங்களாகவும் வந்தன. 1959இல் வெளியான ‘பென்ஹர்’ திரைப்படம் 11 ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது.

இவற்றில் காதல் உண்டு. ஆனால் கதை ஆணுடையது. போருக்குப் போவதும் பழிவாங்குவதும் மனம் மாறுவதும் அவனே. பெண் தூய்மையானவளாக, பொறுமையானவளாக நின்று அவன் மனம் மாறுவதற்குக் காரணமாக இருப்பாள். அவளுடைய மனதுக்குள் என்ன நடந்தது என்பது அதிகம் சொல்லப்படுவதில்லை. இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் பெண்கள் இந்தக் களத்தை எடுத்து எழுதத் தொடங்கியபோது இந்நிலை மாறியது.

தீனாளின் மௌனம்

விவிலியத்தின் முதல் நூலான ஆதியாகமத்தின் 34ஆம் அதிகாரத்தில் தீனாள் என்ற பெண் வருகிறாள். யாக்கோபுக்கும் லேயாளுக்கும் பிறந்த மகள். அந்த நாட்டுப் பெண்களைப் பார்க்கப் போனவளை அந்நாட்டுப் பிரபுவின் மகன் சீகேம் பிடித்துக் கெடுத்தான் என்றும், பின்னர் அவளை மணக்க விரும்பினான் என்றும் அந்த அதிகாரம் சொல்கிறது. அவளுடைய சகோதரர்களான சிமியோனும் லேவியும் தந்திரம் செய்து அவ்வூர் ஆண்கள் அனைவரையும் வாளால் வெட்டிக் கொன்றார்கள். அவ்வூர்ப் பெண்களும் குழந்தைகளும் சிறைபிடிக்கப்பட்டார்கள்.

இத்தனையும் தீனாளின் பெயரால் நடக்கிறது. ஆனால் அந்த அதிகாரம் முழுவதிலும் தீனாள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. தகப்பன் பேசுகிறார், சகோதரர்கள் பேசுகிறார்கள், சீகேமும் அவன் தகப்பனும் பேசுகிறார்கள். அவளிடம் மட்டும் யாரும் எதையும் கேட்கவில்லை. குடும்ப மானத்தின் பேரில் பெண்ணைக் கேளாமலே முடிவெடுப்பதை எமது ஊர்களிலும் கண்டிருக்கிறோம். ஆகவே இந்த மௌனம் எமக்குப் புதியதன்று.

அமெரிக்க யூதப் பெண் எழுத்தாளரான அனிதா டயமண்ட் 1997இல் எழுதிய ‘சிவப்புக் கூடாரம்’ என்ற நாவல் தீனாளையே கதை சொல்லியாக்குகிறது. ஆரம்பத்தில் இந்நூல் கவனிக்கப்படவில்லை. யூத மத போதகர்களுக்குப் பிரதிகள் அனுப்பப்பட்டன. வாசகர் குழுக்களில் பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லியே அது பெரும் விற்பனையான நூலாயிற்று. 2014இல் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது.

நாவலில் வரும் சிவப்புக் கூடாரம், மாதவிலக்குக் காலத்திலும் பிரசவத்தின்போதும் பெண்கள் கூடியிருக்கும் இடம். துடக்கு என்று எம்மவர் ஒதுக்கி வைக்கும் நாட்களை இந்நாவல் பெண்கள் ஓய்வெடுத்து, கதை சொல்லி, மருத்துவம் கற்றுக்கொள்ளும் நாட்களாகக் காட்டுகிறது. அப்படியொரு கூடாரம் அக்காலத்து இஸ்ரவேலரிடம் இருந்ததற்குச் சான்று இல்லை. அது எழுத்தாளரின் கற்பனை. ஆயினும் பெண்கள் தமக்குள் பேசிக்கொள்ள ஓர் இடம் வேண்டும் என்ற ஏக்கம் கற்பனை அல்ல. இந்நூல் இவ்வளவு பெண்களைத் தொட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

தன் கணவன் கொல்லப்பட்ட பிறகு தீனாள் எகிப்துக்குப் போகிறாள். அங்கே மகனைப் பெறுகிறாள். மருத்துவிச்சியாகிப் பல பெண்களுக்குப் பிரசவம் பார்க்கிறாள். நடுவயதில் ஒரு தச்சுத் தொழிலாளியை மணந்து அமைதியாக வாழ்கிறாள். விவிலியம் அவளைக் கைவிட்ட இடத்துக்குப் பிறகு ஒரு முழு வாழ்க்கையை நாவல் அவளுக்குக் கொடுக்கிறது.

சிறைபிடிக்கப்பட்டவள்

கி.பி. 70இல் உரோமப் படை எருசலேமை முற்றுகையிட்டுக் கோவிலை எரித்தது. 97,000 பேர் சிறைபிடிக்கப்பட்டதாக அக்கால வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் எழுதியிருக்கிறார். வெற்றியைக் கொண்டாட உரோமப் பேரரசு நாணயங்களை வெளியிட்டது. அவற்றில் பனை இனத்து மரமொன்றின் கீழ் ஒரு பெண் தலைகவிழ்ந்து அமர்ந்து அழுகிறாள். தோற்ற நாட்டுக்கு அடையாளமாக அழுகின்ற பெண்ணின் உருவத்தையே வென்றவர்கள் பொறித்தார்கள். அவளுக்குப் பெயர் இல்லை.

பிரான்சின் ரிவர்ஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1993இலிருந்து 1995 வரை வெளியிட்ட மூன்று தொடர் நாவல்களில் முதலிரண்டின் நாயகி, அவ்விதம் சிறைபிடிக்கப்பட்ட ஒரு பெண். பெயர் ஹதாசா. முற்றுகையில் குடும்பத்தை இழந்து, அடிமையாக விற்கப்பட்டு, உரோமச் செல்வந்தர் வீட்டில் பணிப்பெண்ணாகிறாள். அவ்வீட்டு மகன் மார்க்கஸ் அவளை நேசிக்கிறான். அவளோ தன் நம்பிக்கையை விடாததால் சிங்கங்களுக்கு முன்னே விடப்படுகிறாள். இரண்டாம் நூலில் அவள் உயிர் தப்பியது தெரிய வருகிறது. முகத்தில் தழும்பு, நடக்கையில் ஊனம். முக்காடிட்டு ஒரு வைத்தியருக்கு உதவியாக நோயாளரைப் பராமரிக்கிறாள். மார்க்கஸ் அந்தத் தழும்புகளோடேயே அவளை மறுபடியும் கண்டுகொள்கிறான்.

காதல் கதைகளின் நாயகி என்றால் குறையற்ற அழகி என்று பழகிப்போன வாசகிக்கு இது ஒரு திருப்பம். ஷெல் காயத்தோடும் செயற்கைக் காலோடும் வாழ்கின்ற எமது சகோதரிகளுக்கு இந்தத் திருப்பத்தின் பெறுமதியை நான் விளக்கத் தேவையில்லை.

இவ்விடத்தில் எம் எல்லோருக்கும் தெரிந்த ஒரு கதையை ஒப்பிடலாம். கல்கி 1944 முதல் 1946 வரை எழுதிய ‘சிவகாமியின் சபதம்’ நாவலில் நாட்டியப் பெண் சிவகாமியைப் புலிகேசி வாதாபிக்குச் சிறைபிடித்துச் செல்கிறான். வருடங்கள் கழித்து மாமல்லர் படையெடுத்து வந்து அவளை மீட்கிறார். ஆனால் அதற்குள் அவருக்குப் பாண்டிய இளவரசியோடு திருமணம் நடந்துவிட்டது. சிவகாமி இறைவனையே கணவனாக வரித்துக்கொள்கிறாள். அக்கதையை வாசித்து அழாதவர் குறைவு. சிறை சென்று வந்த பெண்ணுக்கு கோவிலைக் கொடுத்த கதை அது. தழும்போடு வந்தவளுக்கு ஒரு வீட்டைக் கொடுக்கிறது ரிவர்ஸின் கதை. எது உயர்ந்த இலக்கியம் என்ற கேள்வியை விட்டுவிட்டு, எந்த முடிவை ஒரு வாசகியின் மனம் தேடுகிறது என்று யோசித்தால் இவ்வகை நாவல்களின் ஈர்ப்பு விளங்கும்.

பெயரோடு ஒட்டிய பழி

எரிகோ நகரத்து ராகாபை எல்லோருக்கும் ஒரு பட்டத்தோடுதான் தெரியும். அவள் வேசி. இஸ்ரவேலின் ஒற்றர்களை ஒளித்து வைத்துக் காப்பாற்றினாள், சன்னலில் சிவப்புக் கயிறு கட்டித் தன் குடும்பம் முழுவதையும் காப்பாற்றினாள். பல நூற்றாண்டுகள் கழித்து அவளைப் புகழ்ந்து எழுதியபோதும் அந்தப் பட்டத்தை எடுத்துவிடவில்லை. மத்தேயு நற்செய்தியின் வம்ச வரலாறு மட்டுமே அவளைச் சல்மோன் என்பவரின் மனைவியாகவும் போவாசின் தாயாகவும் குறிப்பிடுகிறது.

ஈரானில் பிறந்து அமெரிக்காவில் வாழும் தெசா அஃப்சார் 2010இல் எழுதிய ‘மணலில் ஒரு முத்து’ என்ற நாவல் இந்தத் திருமணத்தைப் பற்றியது. மதிப்புக்குரிய குடும்பத்து ஆண் ஒருவன் இப்படியொரு பெண்ணை எவ்வாறு மணந்தான்? மணந்த பின் அவன் மனதில் இருந்த இளக்காரம் எப்போது போனது? தன்னையே கேவலமாக எண்ணிப் பழகிய பெண், தனக்குக் கிடைக்கும் அன்பை எப்படி நம்புவாள்? கதை இக்கேள்விகளைச் சுற்றியே நகர்கிறது. திருமணத்தோடு முடியாமல் அதற்குப் பின்னான போராட்டத்தைச் சொல்வது இந்நாவலின் சிறப்பு.

ரூத்தும் நகோமியும்

இக்கதைகள் எல்லாவற்றிலும் எமக்கு மிக நெருக்கமானது ரூத்தின் கதை. பஞ்சத்தால் பெத்லகேமிலிருந்து மோவாபுக்கு இடம்பெயர்ந்த குடும்பம் அது. அங்கே நகோமி கணவனையும் இரு மகன்மாரையும் இழக்கிறாள். மருமகள் ரூத் மாமியைத் தனியே விடாமல் அவளோடு பெத்லகேமுக்கு வருகிறாள். அவர்கள் வந்து சேர்வது வாற்கோதுமை அரிவு வெட்டுக் காலம். அறுப்பவர்களுக்குப் பின்னால் சிந்திய கதிர் பொறுக்கி அவள் மாமியைக் காப்பாற்றுகிறாள். சிந்திய கதிரை ஏழைக்கும் அந்நியருக்கும் விதவைக்கும் விட்டுவிட வேண்டும் என்பது அக்காலச் சட்டம். வயல்காரனான போவாஸ் அவள்மீது இரக்கம் கொள்கிறான். சூடு மிதிக்கும் களத்தில் ஓர் இரவு ரூத் தானே அவனிடம் சென்று தன்னை ஏற்கும்படி கேட்கிறாள்.

பிரான்சின் ரிவர்ஸ் 2000, 2001ஆம் ஆண்டுகளில் இயேசுவின் வம்ச வரலாற்றில் இடம்பெறும் ஐந்து பெண்களைப் பற்றி ஐந்து சிறு நாவல்கள் எழுதினார். தாமார், ராகாப், ரூத், பத்சேபாள், மரியாள் ஆகிய ஐவரில் ரூத்தும் ஒருத்தி.

நான் பணிபுரியும் பெண்கள் குழு ஒன்றில் ரூத்தின் கதையைச் சொன்னபோது போவாஸைப் பற்றி ஒருவரும் அதிகம் பேசவில்லை. பேச்செல்லாம் நகோமியைப் பற்றியே. மகனை இழந்த தாயொருவர், “மருமகள் மறுமணம் செய்தால் மாமியை ஆர் பாக்கிறது?” என்று கேட்டார். விவிலியக் கதையிலேயே அதற்குப் பதில் உண்டு. ரூத்துக்கு வழி சொல்லி அனுப்பியவள் மாமிதான். பிறந்த குழந்தையை மடியில் வைத்து வளர்த்தவளும் அவளே. மருமகளின் புதிய வாழ்வு மாமியின் புதிய வாழ்வாகவும் ஆயிற்று. அன்று அந்தக் குழுவில் மறுமணம் என்ற சொல் முதல் தடவையாகச் சத்தமாகப் பேசப்பட்டது. தங்களைப் பற்றிப் பேசுவதாக யாரும் சொல்லவில்லை. ரூத்தைப் பற்றித்தான் பேசினார்கள்.

பழங்காலக் கதைகளின் பயன் இதுதான். மூவாயிரம் வருடத் தூரம் ஒரு திரைபோல இருக்கிறது. எமது ஊர்ப் பெண்ணின் கதையென்றால் யாரைப் பற்றி என்ற கேள்வி வரும். ரூத்தின் கதையென்றால் வராது. வேதநூலில் உள்ளவள் என்பதால் அவளைப் பற்றிப் பேசுவதை யாரும் தவறென்றும் சொல்ல முடியாது.

பெண்கள் ஏன் வாசிக்கிறார்கள்?

அமெரிக்க ஆய்வாளர் ஜானிஸ் ரட்வே காதல் நாவல் வாசிக்கும் பெண்களை நேரில் சந்தித்து, 1984இல் ஒரு ஆய்வு நூலை வெளியிட்டார். சமூகவியல் மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். அப்பெண்கள் சொன்ன முக்கியமான விடயம், வாசிக்கும் நேரம் ஒன்றுதான் தமக்கே உரிய நேரம் என்பது. வீட்டில் எல்லோரையும் அவர்கள் பராமரிக்கிறார்கள். அவர்களைப் பராமரிக்க ஒருவரும் இல்லை. கதையின் நாயகனிடம் அவர்கள் தேடியது பெரிய வீரத்தை அல்ல, தன்னைக் கவனித்துக்கொள்ளும் ஒரு மனதை.

தனியொருத்தியாகக் குடும்பத்தைச் சுமக்கும் பெண்ணுக்கு இது எவ்வளவு பொருந்தும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் கோழிக்குத் தீன், பிள்ளைகளுக்குச் சாப்பாடு, பின்னர் கூலி வேலை, மாலையில் குழுக் கடன் கூட்டம். இரவு அரைமணி நேரம் அவள் ஒரு கதை வாசித்தால் அது சோம்பல் அல்ல. அவள் தனக்கென்று எடுத்துக்கொள்ளும் ஓய்வு.

விழிப்போடு வாசிப்போம்

இவ்வளவு சொன்ன பிறகு சில குறைகளையும் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, ‘சிவப்புக் கூடாரம்’ தீனாளுக்கு நடந்த வன்முறையை இருவரும் விரும்பிய காதலாக மாற்றிவிடுகிறது. தீனாளுக்குக் குரல் கொடுத்த நாவல் அவளுக்கு நடந்த கொடுமையை அழித்துவிட்டது என்ற விமர்சனம் எழுந்தது. அது நியாயமான விமர்சனம். பலாத்காரம் செய்தவன் பின்னர் மணக்க முன்வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் எம்மிடையேயும் உண்டு. கதை அவர்களுக்குத் துணை போகக்கூடாது. உபாகமத்தில், போரில் பிடிபட்ட பெண் தன் தாய் தகப்பனுக்காக ஒரு மாதம் அழ அனுமதிக்கப்பட வேண்டும், அதன் பின்னரே பிடித்தவன் அவளை மணக்கலாம் என்று ஒரு சட்டம் உண்டு. அவளுடைய சம்மதம் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அத்தகைய காலத்தைக் காதலின் பொற்காலமாகக் காட்டும்போது நாம் நிதானிக்க வேண்டும்.

இரண்டாவது, பொறுமையாகச் சகித்தால் நல்ல கணவன் கிடைப்பான் என்ற பாடம் இந்நாவல்களில் அடிக்கடி வருகிறது. சகித்தவர்களுக்கெல்லாம் அப்படிக் கிடைப்பதில்லை. அடிக்கும் கணவனைச் சகித்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு இப்பாடம் ஆபத்தானது.

மூன்றாவது, ராகாபின் குடும்பம் தப்பியது. எரிகோவின் ஏனைய குடும்பங்கள் தப்பவில்லை. முற்றுகைக்குள் இருந்து வந்த எமக்கு, சிவப்புக் கயிறு இல்லாத மற்றைய சன்னல்களும் கண்ணுக்குத் தெரியும். காதல் கதை அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பது குறைவு.

ரிஸ்பாளுக்கு என்ன முடிவு?

காதல் கதைக்குள் அடங்காத ஒரு பெண்ணும் விவிலியத்தில் இருக்கிறாள். சவுல் அரசனின் மறுமனையாட்டி ரிஸ்பாள். இரண்டாம் சாமுவேல் நூலின் 21ஆம் அதிகாரத்தில் அவள் வருகிறாள். சவுல் இறந்த பின் அவளுடைய இரண்டு மகன்மாரும் சவுலின் பேரப்பிள்ளைகள் ஐவரும் கொல்லப்பட்டு மலையில் விடப்பட்டார்கள். அவள் பாறையில் சாக்குத் துணி விரித்து அமர்ந்தாள். அறுவடை தொடங்கிய நாளிலிருந்து மழை பெய்யும் வரை, பகலில் பறவைகளும் இரவில் மிருகங்களும் உடல்களை அண்டாமல் காத்தாள். இந்தச் செய்தி தாவீது அரசனின் காதுக்குப் போனது. அதன் பின்னரே எலும்புகள் சேர்க்கப்பட்டன. சவுலினதும் அவர் மகன் யோனத்தானினதும் எலும்புகள் முறைப்படி அடக்கம் செய்யப்பட்டன.

அவளும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அவள் இருந்த இருப்பே அரசனை அசைத்தது. 2017ஆம் ஆண்டு தொடக்கம் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்காகத் தெருவோரம் அமர்ந்த தாய்மாரை அறிந்தவர்களுக்கு ரிஸ்பாள் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. அவளுக்கு ஒரு போவாஸ் வந்து கதையை முடித்து வைக்க முடியாது. அவளுக்குத் தேவைப்பட்டது பதில்.

ஆகவே சகோதரிகளே, கிடைத்தால் இக்கதைகளை வாசியுங்கள், கிடைக்காவிட்டால் ஒருவருக்கொருவர் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை. போர் ஒரு பெண்ணின் கதையை முடித்துவிடவில்லை, அவளுக்கு அதன் பின்னும் ஒரு மனமும் ஒரு வாழ்வும் உண்டு என்று இக்கதைகள் சொல்கின்றன. அதை நம்புவோம். அந்த வாழ்வு ஒரு ஆணின் கையால் மட்டுமே வரும் என்று அவை சொல்லும் இடத்தில் நிறுத்தி, நாங்கள் எங்கள் முடிவை எழுதுவோம். மறுமணம் செய்ய விரும்புபவள் ரூத்தைப்போல் தானே எழுந்து போகட்டும். தனியே வாழ விரும்புபவள் நிமிர்ந்து வாழட்டும். காத்திருப்பவளோடு மற்றவர்கள் பாறையில் கூட அமரட்டும்.

அடுத்த முறை குழுக் கூட்டம் முடிந்ததும் பத்து நிமிடம் ஒதுக்கித் தீனாளின் கதையைச் சொல்லிப் பாருங்கள். சொல்லி முடித்ததும், அவள் வாய் திறந்திருந்தால் என்ன பேசியிருப்பாள் என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள்.